பட்டப்பின்படிப்பு மாணவருக்கு எந்த வேதாகமக் குழு? யாழ்ப்பாணச் சூழலில் ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காகப் படிக்கின்ற கிறிஸ்தவர் ஒருவரிடம், ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். கிழமை நாட்களில் யாரோடு இருந்து வேதத்தை வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் அவ்வளவு இலகுவில் பதில் வராது. இளமாணி மாணவராக இருந்த நான்கு ஆண்டுகளும் வளாகத்து மாணவர் ஐக்கியம் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். பட்டமளிப்பு முடிந்ததும் அது தானாகவே கழன்றுவிடும். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: முன்பு இருந்த அதே மாணவர் ஐக்கியத்தில் தொடர்வது, தமது சபையின் அல்லது பங்கின் வீட்டுக் கூட்டத்தில் சேர்வது, தம்மைப் போன்ற பட்டப்பின்படிப்பு மாணவர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துத் தனிக் குழுவொன்றை அமைப்பது, இணையவழிக் குழுவில் இணைவது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ யாழ்ப்பாணத்தில் இருக்கப்போகின்றவருக்கு மூன்றாவது வழியே மிகவும் பொருந்தும் என்பது எனது கருத்து. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகின்றவருக்கும் இரண்டாவது வழியைக் கைவிட்டுவிட்டு வருகின்ற ஒன்றாக அது இருக்கக்கூடாது.

தெரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், தெரிவு செய்கின்றவர் யார் என்பதைப் பார்க்கவேண்டும். நம்மூரில் பட்டப்பின்படிப்பு மாணவர் என்ற பெயருக்குள் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லை. ஒப்பந்த அடிப்படையில் உதவி விரிவுரையாளராக இருந்துகொண்டு முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்தவர் ஒருவர்; ஐந்து நாட்கள் பாடசாலையில் கற்பித்துவிட்டுச் சனி, ஞாயிறுகளில் கல்வியியல் முதுமாணி வகுப்புக்கு ஓடுகின்ற ஆசிரியை இன்னொருவர்; வங்கியில் வேலை செய்துகொண்டு வணிக நிர்வாக முதுமாணி படிப்பவர், போதனா வைத்தியசாலையில் விடுதிக் கடமையோடு அடுத்த கட்டப் பரீட்சைக்குப் படிக்கின்ற மருத்துவர், இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆய்வேடு எழுதுகின்ற தாய் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலருக்கு வார இறுதி என்று ஒன்றில்லை. அதைவிட முக்கியமானது, இவர்கள் ஒரே நாளில் இரண்டு நிலைகளில் வாழ்கிறார்கள் என்பதாகும். காலையில் மாணவர்கள் முன்னால் ‘சேர்’ அல்லது ‘மிஸ்’. மாலையில் மேற்பார்வையாளரின் கதவுக்கு வெளியே திருத்தப்படாத அத்தியாயத்தோடு காத்திருக்கின்ற மாணவர். இந்த இரட்டை நிலையை எந்தக் குழு தாங்கும் என்பதே எனது ஒப்பீட்டின் முதல் அளவுகோல். வேதபாகத்தைப் பற்றி நேர்மையாகக் கேள்வி கேட்க இடமிருக்கிறதா என்பது இரண்டாவது. பயணமும் நேரமும் மூன்றாவதாக வருகின்றன. ஆனால் நடைமுறையில் குழுக்களைக் கொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

மாணவர் வேதக் குழு என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884ஆம் ஆண்டு அங்கு கற்பித்துக்கொண்டிருந்த பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்கர் தொடக்கிவைத்த மாணவர் வை.எம்.சி.ஏ., ஆசியாவிலேயே முதலாவது என்று அந்த இயக்கத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் சுவீடனில் உருவானது அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1895இல். பிற்காலத்தில் அந்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகரான டி. ரி. நைல்ஸ். வேதத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கின்ற உழைப்பும் நமக்கு அந்நியமானதன்று. பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் நடந்து 1850இல் அச்சேறிய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் பல ஆண்டுகள் உழைத்தார். இந்த மண்ணில் வேதாகமத்தை மிக நுணுக்கமாக வாசித்தவர்களுள் ஒருவர் கிறிஸ்தவராகவே இருக்கவில்லை என்பதைக் குழு தொடங்குகின்றவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஆயினும் இந்த மரபு முழுவதும் கல்லூரி மாணவரையும் இளமாணி மாணவரையும் மனத்திற்கொண்டு எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது 1974இல். தனிப் பல்கலைக்கழகமானது 1979இல். பட்டப்பின்படிப்பு மாணவர் பெருந்தொகையாக இங்கேயே தங்கிப் படிக்கத் தொடங்கியது அதற்கும் பிந்தியது. அவர்களுக்கென்று முன்னோர் செய்துவைத்துவிட்டுப் போன வடிவம் எதுவும் இல்லாததால்தான் இன்று தெரிவு செய்யவேண்டியிருக்கிறது.

முதலாவது வழியான மாணவர் ஐக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 1947இல் உருவான சர்வதேச சுவிசேஷ மாணவர் ஐக்கியத்தின் இலங்கை உறுப்பு அமைப்பான போகஸ் போன்றவற்றின் வழியிலும், கத்தோலிக்க மாணவர் ஒன்றியங்களின் வழியிலும் இளமாணி மாணவர்கள் நீண்ட காலமாகக் கூடிவருகிறார்கள். அங்கே இருக்கின்ற உற்சாகத்தை வேறெங்கும் காண்பது கடினம். பாடல் உண்டு, முகாம் உண்டு, நத்தார் ஒளிவிழா உண்டு, மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து தனித்துப்போன முதலாம் வருடப் பிள்ளையைத் தேடிப்போய் அழைத்துவருகின்ற அக்காமாரும் அண்ணாமாரும் உண்டு. ஐக்கியத்தில் வளர்ந்த ஒருவருக்கு அதைவிட்டு வர மனம் வராது என்பது இயல்பே.

தொடர்ந்தும் உறுப்பினராக இருப்பதில் உள்ள சிக்கல் வயதில் இல்லை, பதவியில் இருக்கிறது. உதவி விரிவுரையாளர் ஒருவர் வட்டமாக இருக்கின்ற பதினைந்து பேருக்குள் ஒருவராக அமரும்போது, அந்தப் பதினைந்து பேரில் மூவருடைய செயன்முறைப் பதிவேட்டுக்கு அவர்தான் புள்ளியிடுகின்றவர் என்றால், அந்த மூவரும் அன்றைக்குத் தங்கள் மனத்திலுள்ளதைச் சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லமாட்டார், சொன்னால் அடுத்த நாள் விடுதி முழுவதும் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருக்கும், அந்தப் பயம் காரணமில்லாததுமன்று. இருபத்தொரு வயதில் ஒருவர் கேட்கின்ற கேள்விகளுக்கும் முப்பது வயதில் கேட்கின்ற கேள்விகளுக்கும் உள்ள தூரமும் சிறிதன்று. இளையவர் தம் துறையைத் தொடர்வதா விடுவதா என்று கேட்கிறார். மூத்தவர், ஐந்து ஆண்டுகள் செலவிட்ட ஆய்வு முடியாமலே போகுமானால் தம் உழைப்புக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். ஆகவே, கற்பித்தல் பொறுப்பில் இருக்கின்ற எவரும் மாணவர் ஐக்கியத்தில் உறுப்பினராக இருப்பதை விட்டுவிட்டு, அழைத்தால் போய்ப் பேசுகின்ற, முகாமுக்குப் பணம் கொடுக்கின்ற, வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு போடுகின்ற ஆதரவாளராக மாறிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது என்று கருதுகிறேன். கற்பித்தல் பொறுப்பு எதுவுமில்லாமல் முழுநேர ஆய்வு மாணவராக இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அவர் விரும்பினால் ஒரு வருடம் தொடரலாம்.

இரண்டாவது வழியான சபை வீட்டுக் கூட்டத்தைப் படித்தவர்கள் இலேசாகத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியன்று. அப்போஸ்தலருடைய நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்பவர் வருகிறார். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர், வேதங்களில் வல்லவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. இக்கால வழக்கில் கலாநிதிப் பட்டத்துக்கு எல்லாத் தகுதியும் உடையவர். அவருடைய அறிவில் இருந்த குறையைக் கண்டு, அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கியவர்கள் கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். படித்தவருக்குப் படித்தவரே துணை என்ற எண்ணத்துக்கு வேதத்திலேயே இருக்கின்ற மறுப்பு இது.

வீட்டுக் கூட்டத்தின் பலம் அதன் கலப்பில் இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிபர், குருநகரிலிருந்து கடலுக்குப் போகின்றவர், கணவரை யுத்தத்தில் இழந்த அம்மா, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளை எல்லோரும் ஒரே பாயில் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்து அறையில் படுத்திருக்கின்ற மாணவருக்குக் கஞ்சி கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்து அன்ரிமார்தான். மேற்பார்வையாளர் யார், ஆய்வு எதைப் பற்றியது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியாது; ஆனால் ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் தெரிந்துவிடும். தம்முடைய ஆய்வேட்டைப் பற்றி எவரும் கேட்காத ஒரு அறையில் மாதத்தில் சில மணித்தியாலங்கள் இருப்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

குறைகளும் அதே கலப்பிலிருந்துதான் வருகின்றன. பல கூட்டங்களில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டும் செபமும் ஒரு மணித்தியாலம் போக, வேதபாகத்துக்குப் பதினைந்து நிமிடம் மிஞ்சும். கேள்வி கேட்பவர் விசுவாசத்தில் தளர்ந்தவராக எண்ணப்படுகின்ற ஆபத்தும் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் 9ஆம் வசனம் முதல் 20ஆம் வசனம் வரையுள்ள பகுதி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. மூலபாடங்களோடு நாள் முழுவதும் பழகுகின்ற வரலாற்றுத் துறை மாணவர் இதை அறிந்துகொண்டு வந்து கேட்டால், வீட்டுக் கூட்டத்தை நடத்துகின்ற ஐயா நல்லவராகவே இருந்தாலும், ‘அதையெல்லாம் விட்டிட்டு விசுவாசியும் தம்பி’ என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடக்கூடும். அவர்மேல் குற்றமில்லை, அங்கே இருக்கின்ற மற்றப் பத்துப் பேருக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத் தேவையில்லை. ஆனால் கேட்டவர் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டுக் கூட்டம் ஊரோடு ஒட்டியது. ஊர் என்றால் யாழ்ப்பாணத்தில் சாதியும் அதற்குள் வந்துவிடும். யார் வீட்டில் கூடுவது, யார் வீட்டுத் தேநீரை யார் குடிக்காமல் தவிர்ப்பது என்பதெல்லாம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. வெளிமாவட்டத்திலிருந்து வந்து திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ அறையெடுத்துத் தங்கியிருப்பவர், தாம் எந்த இடம், யாருடைய ஆள் என்ற விசாரணையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருக்கும். திருமணமாகாத பெண்ணாக இருந்தால், வேதபாகம் தொடங்குவதற்கு முன்னரே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

கத்தோலிக்கப் பங்குகளில் அயல் குடும்பங்கள் சேர்ந்து கூடுகின்ற அன்பியக் கூட்டங்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியத் திருச்சபைகளில் பரவிய ஏழு படி விவிலியப் பகிர்வை ஒழுங்காகப் பின்பற்றுகின்ற அன்பியத்தில், ஒருவர் பிரசங்கம் செய்ய வழியே இல்லை. வாசிப்பு, மனத்தைத் தொட்ட சொற்றொடரை மீண்டும் சொல்வது, மௌனம், பகிர்வு, பிறகு அயலுக்கு என்ன செய்வது என்ற தீர்மானம் என்று அது போகும். ஆசிரியரும் கடற்றொழிலாளரும் அதில் ஒரே அளவு நேரம் பேசுவார்கள். மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை, அங்கிலிக்கன் சபைகளின் வீட்டுக் கூட்டங்களும் இதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் மூன்றாவது வழிக்கான தேவை பாதியாகக் குறையும் என்றுகூட நினைக்கிறேன். சுயாதீன சபைகளின் செல் கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு செய்தியையே மீட்டுப் பார்ப்பதால், ஒரு நூலைத் தொடர்ந்து வாசிக்க விரும்புகின்றவருக்கு அவை போதாது.

இனி மூன்றாவது வழி. பட்டப்பின்படிப்பு மாணவர் ஆறு பேர், ஏழு பேர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, வேதத்தின் ஒரு நூலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிப்பது. இதன் பலம் எளிமையானது: எவரும் எவருக்கும் புள்ளியிடுவதில்லை, எல்லோருக்கும் முடியாத ஒரு வேலை தலைக்குமேல் இருக்கிறது, கேள்வி கேட்பதே எல்லோருடைய தொழிலும். மேலே சொன்ன மாற்குப் பகுதியை இங்கே ஒரு மாலை முழுவதும் வைத்துப் பேசலாம். பேசிய பின்னும் எல்லோரும் ஒன்றாகச் செபிக்கலாம்.

எண்ணிக்கையை நான் ஏழுக்கு மேல் விடமாட்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் தேநீருக்குப் பத்து நிமிடமும் செபத்துக்கு இருபது நிமிடமும் போனால் வேதபாகத்துக்கு அறுபது நிமிடம் இருக்கும். ஆறு பேரானால் ஆளுக்குப் பத்து நிமிடம். பதினைந்து பேரானால் நான்கு நிமிடம். நான்கு நிமிடத்தில் பேசக்கூடியவர்கள் பழக்கப்பட்ட பேச்சாளர்கள் மட்டுந்தான். மற்றவர்கள் மெல்ல மெல்லக் கேட்போராகி, குழு மறுபடியும் பிரசங்க மேடையாகிவிடும்.

எப்படி வாசிப்பது என்பதிலும் தெரிவுகள் இருக்கின்றன. குழு பிழைப்பதும் சிதைவதும் இதில்தான் தங்கியிருக்கிறது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். கோடிட்ட இடம் நிரப்புகின்ற பாடப் புத்தகங்கள் நமது புத்தகக் கடைகளில் இலகுவாகக் கிடைக்கும். விடை முன்னமே தெரிந்த கேள்விகள் நிறைந்த அவற்றை ஆய்வு மாணவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்; அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. பகுதி என்ன சொல்கிறது, அதன் பொருள் என்ன, நம்மிடம் என்ன கேட்கிறது என்ற மூன்று கேள்விகளோடு போகின்ற உய்த்தறி முறை அவர்களுடைய அன்றாடப் பழக்கத்துக்கு நெருக்கமானது. இதன் இன்னொரு வடிவம், இன்டர்வார்சிட்டி என்ற அமெரிக்க மாணவர் ஊழிய அமைப்பைச் சேர்ந்த போல் பையர் 1950களில் வளர்த்தெடுத்த கைப்பிரதி முறை: அதிகார எண்ணும் வசன எண்ணும் தலைப்பும் இல்லாமல், வரிகளுக்கிடையில் நல்ல இடைவெளி விட்டு வேதபாகத்தை அச்சிட்டு, ஆளுக்கொரு பிரதியில் நிறப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாசிப்பது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் ரொபேர் எஸ்தியேன் வெளியிட்ட பதிப்பிலும் வந்தவையாதலால், அவற்றை எடுத்துவிடுவதால் மூலத்தில் எதுவும் குறைந்துவிடாது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் 104 வசனங்கள். சில தாள்களுக்குள் முழுவதையும் அச்சிட்டுவிடலாம். ‘ஆகையால்’ என்ற ஒரு சொல் மூன்று பந்திகளுக்கு முந்தியதைச் சுட்டி நிற்பதை எண்கள் இல்லாதபோதுதான் கண் பிடிக்கும்.

இதற்கு மறுபக்கத்தில் லெக்சியோ திவினா நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி கீகோ நான்கு படிகளாக வகுத்துச் சொன்ன இம்முறையில் வாசிப்பு, தியானம், செபம், தரிசனம் என்று மெதுவாக இறங்கவேண்டும். பத்து வசனமே போதும். பகல் முழுவதும் தரவுகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு வந்தவருக்கு மாலையிலும் ஒரு பகுப்பாய்வைக் கொடுப்பது கொடுமை என்று இம்முறையை விரும்புகின்றவர்கள் சொல்வார்கள்; அதில் நியாயம் இருக்கிறது. எனினும் இம்முறை மட்டும் என்றால், கேள்வியோடு வந்தவர் கேள்வியோடே திரும்புவார். எனவே முதல் முக்கால் மணித்தியாலம் உய்த்தறி முறையில் வாசித்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தை மௌனத்துக்கும் அந்தப் பகுதியிலிருந்தே எழுகின்ற செபத்துக்கும் ஒதுக்குவதை நான் சிபாரிசு செய்வேன். மௌனம் இல்லாத குழு ஓர் ஆண்டுக்குள் ஆய்வரங்கமாகிவிடும். அங்கே கிரேக்கச் சொல்லைத் தெரிந்தவர் வெல்வார். தோற்றவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கரே பெரும்பான்மையாதலால், இப்படிப்பட்ட குழு இயல்பாகவே பல சபையினரைக் கொண்டதாக இருக்கும். அதற்கு ஆயத்தம் தேவை. மேசையில் சீர்திருத்தச் சபையினர் வாசிக்கின்ற பழைய மொழிபெயர்ப்பும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் இரண்டும் இருக்கவேண்டும். நூற்பெயர்கள் வேறுபடுவதால் முதல் சில கூட்டங்களில் பக்கம் தேடுவதில் நேரம் போகும். அச்சிட்ட தாள் இந்தச் சங்கடத்தையும் தீர்க்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்களும் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்களும் இருப்பதால், பொதுவானவற்றிலிருந்து தொடங்குவதே மரியாதை. மரியாள், நற்கருணை, ஞானஸ்நானம் ஆகியவற்றைப் பற்றிய வாதத்தை முதல் ஆண்டில் தேடிப்போகவேண்டாம். வாசிக்கின்ற பகுதியிலேயே வந்தால் ஒளிக்கவும் வேண்டாம். மருத்துவ பீடத்திலோ விஞ்ஞான பீடத்திலோ இருக்கின்ற சிங்கள நண்பர் ஒருவர் சேர விரும்பினால் ஆங்கிலத் தாள் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளலாம். செபத்தை அவரவர் மொழியில் விட்டுவிடுவதே நல்லது.

இவ்வழியின் ஆபத்துகளையும் எடைபோடவேண்டும். மேற்பார்வையாளரைப் பற்றிய குறைகேள் மன்றமாகக் குழு மாறிவிடுவது முதலாவது; மேற்பார்வையாளரும் அவருடைய மாணவரும் ஒரே குழுவில் இருக்கக்கூடாது என்ற விதி இரு தரப்பையும் காப்பாற்றும். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லவேண்டும். அதே வேளை, ஒருவர் கடுமையான மனச்சோர்வில் இருப்பது தெரிந்தால் செபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் கூட்டிப்போகவும் வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பதிலாக இக்குழுவே போதும் என்று எவராவது நினைக்கத் தொடங்குவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. இது சபையாக முடியாது. இதில் குழந்தையும் இல்லை, கிழவரும் இல்லை. பங்குத்தந்தையோ போதகரோ இதை அறிந்திருப்பது நல்லது; நடத்தவேண்டிய அவசியமில்லை. கிறிஸ்தவரல்லாத நண்பர் வர விரும்பினால் வரட்டும். ஆனால் இது வேதாகமம் வாசித்துச் செபிக்கின்ற இடம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் அழைக்கவேண்டும். மதமாற்றம் பற்றிய சந்தேகம் ஏற்கெனவே நிலவுகின்ற ஊரில், தேநீர் விருந்து என்று சொல்லி அழைத்துவிட்டு வேதத்தைத் திறப்பது நட்பையும் கெடுக்கும், நற்செய்தியையும் கெடுக்கும்.

இடமும் நேரமும் பற்றிச் சில வார்த்தைகள். திருநெல்வேலிப் பக்கத்து வாடகை அறைகள் பெரும்பாலும் சைவக் குடும்பங்களின் வீட்டோடு சேர்ந்தவை. அங்கே கூடி உரத்துப் பாடுவது வீட்டுக்காரருக்குச் சங்கடம், தங்கியிருப்பவருக்கும் சங்கடம். குடும்பமாக இருக்கின்ற உறுப்பினர் ஒருவரின் வீடோ ஆலயத்தின் சிறிய அறையோ பொருத்தம். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும்; பேருந்தில் தெல்லிப்பழைக்கோ சாவகச்சேரிக்கோ திரும்பவேண்டிய பெண்கள் இருக்கின்ற குழு நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தால்தான் அவர்கள் இரண்டாவது மாதமும் வருவார்கள். அண்ணாமார் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்கள் என்ற ஏற்பாட்டை நம்பிக் குழு தொடங்கவேண்டாம். பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் நகரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருப்பதால், அங்குள்ளவர்களை இங்கே வரச் சொல்வதிலும் பார்க்க அங்கே மூன்று பேரோடு ஒரு குழு தொடங்குவதே மேல்.

இணையவழிக் குழுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத மாதங்களில் எது நின்றது, எது தொடர்ந்தது என்று பார்த்தவர்களுக்கு அதன் பயனும் தெரியும், எல்லையும் தெரியும். பயிற்சிக்காகக் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கின்ற மருத்துவருக்கும், கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேற முடியாதவருக்கும் அதுவே பொருத்தமான வழி. வெளிநாட்டில் படிக்கின்ற நண்பர்களோடு சேர்வதானால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்: கோடைகாலத்தில் இங்கே இரவு எட்டு மணி என்றால் இலண்டனில் பிற்பகல் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. கமராவை மூடிவைத்துக்கொண்டு ஆய்வேட்டின் அடிக்குறிப்பைத் திருத்துகின்ற சோதனைக்கு எல்லோரும் ஒருநாள் உள்ளாவார்கள். நான்கு பேருக்கு மேல் போகாமல் இருந்தால் அது கொஞ்சம் குறையும்.

ஆக, ஓர் ஆண்டுக்குள் முடிகின்ற முதுமாணி அல்லது டிப்ளோமாப் படிப்புக்கு வந்தவர், புதிய குழு அமைக்கின்ற வேலையில் இறங்காமல் அருகிலுள்ள வீட்டுக் கூட்டத்திலோ அன்பியத்திலோ சேர்ந்துகொள்வதே சிறந்தது. குழுவொன்று உருப்படியாவதற்கே ஆறு மாதம் போய்விடும். வார இறுதி முழுவதும் வகுப்பில் இருக்கின்ற ஆசிரியர்களுக்கு, வகுப்பு நடக்கின்ற நாளிலேயே மதிய உணவு நேரத்தில் இரண்டு மூன்று பேராக ஒரு சங்கீதத்தை வாசித்துச் செபிப்பது மட்டுமே நடக்கக்கூடியது. அதைக் குறைவாக மதிக்கத் தேவையில்லை. முதுதத்துவமாணி, கலாநிதி மாணவர்களும் தகுதிகாண் விரிவுரையாளர்களுமே மூன்றாவது வழியை எடுக்கவேண்டியவர்கள். மாதத்தில் ஒருமுறையாவது தம் சபையின் வீட்டுக் கூட்டத்துக்கும் போகின்றவர்களாக இருந்தால் இரண்டு வழிகளின் குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

அப்படித் தொடங்குகின்றவர்கள் தை மாதத்தில் தொடங்குவது வசதி. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வீதிகள் மூடப்படும், கத்தோலிக்கர் மடுவுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதத்தில் தொடங்கிய எதுவும் நிலைப்பதில்லை. முதல் நூலாக ரோமரையோ வெளிப்படுத்தலையோ எடுக்கவேண்டாம். 85 வசனங்களே உள்ள ரூத், நான்கு கூட்டங்களில் முடிந்துவிடும். முன்பின் பழகாத ஆறு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது போதும். அடுத்து ஆபகூக்கை எடுக்கலாம். மூன்று அதிகாரந்தான், எவ்வளவு காலத்துக்குக் கூப்பிடுவேன், நீர் கேளாதிருக்கிறீரே என்று கடவுளிடமே தொடங்குகின்ற நூல் அது. அதற்குப் பிறகு மாற்கு, இடைவெளிகளோடு ஓர் ஆண்டு. மாற்கு முடிகின்ற மாதத்தை முதல் நாளே நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு, அன்றைக்குத் தொடர்வதா நிறுத்துவதா என்று ஆறு பேரும் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். அதற்குள் ஒருவருடைய ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டிருக்கும், ஒருவர் புலமைப்பரிசிலில் வெளிநாடு போயிருப்பார். மிஞ்சியவர்கள் புதியவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் ரூத்திலிருந்து தொடங்குவதில் தவறொன்றுமில்லை.